பிஸ்டன் பழகும்வரை

காலைக் கொஞ்சம் மடக்கி வச்சுக்க தம்பி, கீழ அருவாமனை இருக்கு. பயப்படாதே, சாக்கு சுத்தித்தான் வச்சிருக்கேன். பதினாலு வருசமா என் மடியில உட்கார்ந்து மலையேறின அருவாமனை. ஒரு நாளும் என்னைக் கீறினதில்லை. இப்போ பஸ்ல, கண்டவங்க காலடியில கிடக்குது. அதுக்கே இந்தக் கண்டக்டர் மூஞ்சியைச் சுளிக்கிறான். மீன் நாத்தமாம். மீனே இல்லையே அப்பு, மீன் எங்க வண்டியில தனியா வருது, இது வெறும் மனையும் அலுமினியச் சட்டியும்தானேன்னேன். "நாத்தம் உங்க மேலயே இருக்கு ஆத்தா"ங்கிறான். இருக்கட்டுமே. அவன் வீட்டுல மீன் திங்கிறதில்லையா?

கோவிச்சுக்காம நீ இந்தப் பக்கம் வா, எனக்கு ஜன்னல் வேணும். பின்னாடி ஒரு வண்டி வரும், அதைப் பார்க்கணும். அணைக்கட்டு மொக்கராசு வண்டின்னா மலை மேல அஞ்சு ஊருக்கும் தெரியும். அவுக சம்சாரம்தான் நான், வெள்ளத்தாய். நீ யாரு? புதுசா வந்த வாத்தியாரா? சரி, அப்போ கேட்டுக்க. உனக்கும் ஒரு நாள் உதவும்.

எட்டு மாசமா இந்தப் பஸ்ல வாரேன். ஒரு மாசம்னு சொல்லித்தான் ஏத்திவிட்டாக. எட்டு மாசம்! எல்லாம் அந்த ஹெட்டால வந்தது. ஹெட்டுன்னா தெரியுமா? வண்டி இன்ஜினுக்கு மேல ரெக்கை ரெக்கையா ஒரு மூடி இருக்கும், நடுவுல பிளக்கு சொருகியிருக்கும். அதான். நாலு நட்டைக் கழட்டினா கையோட வந்துரும். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அந்த உள்ளங்கை அகலத்துக்குள்ள எங்க பொழப்பே மாட்டிக்கிச்சுன்னா நம்புவியா?

மலையில மீன் யாவாரம்னா வண்டி ஆரன்தான். விடிகாலையில அணையில ஏலம் முடியும். ஜிலேபியோ கட்லாவோ, கிடைச்சதை ஐஸ் பெட்டியில அள்ளிப் போட்டுக்கிட்டுக் கிளம்பணும். பதினாலு வளைவு. ஏறினதும் ஊத்துப்பாறை, அதுக்கு அங்கிட்டு நாலு ஊரு. பொம்பளைங்க எல்லாம் எட்டு மணிக்குக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருவாங்க. ஏழு மணிக்குள்ள ஆரன் கேட்டுச்சுன்னா சட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடி வருவாங்க, வாங்கிக் குழம்பு வச்சுட்டுப் போவாங்க. முதல் ஆரன் யாருதோ அவுகளுக்குத்தான் யாவாரம். ரெண்டாவது வாரவன் பூனைக்குத்தான் ஆரன் அடிக்கணும்.

பதினாலு வருசமா முதல் ஆரன் எங்களுதுதான். வேற ஆரனே கிடையாதுங்கிறது வேற விசயம்.

வண்டி என்னமோ சின்ன வண்டி. மொபெட்டு. முன்னாடி கால் வைக்கிற இடத்துல ஒரு கூடை மீனு, அதுக்குப் பின்னாடி அவுக, அவுகளுக்குப் பின்னாடி நான், என் மடியில அருவாமனை, எனக்குப் பின்னாடி ஐஸ் பெட்டி. பெட்டி முதுகுல சாஞ்சு ஜில்லுன்னு இருக்கும். முன்னாடி அவுக முதுகு சூடா இருக்கும். அப்படியே போவோம்.

நீ எதுக்குக் கூடப் போகணும்னு கேட்கப் போறே. எல்லாரும் கேட்கிறாங்க. எனக்கு அதுதான் புரியலை. நான் இல்லாம எப்படி? மலை மேல இருக்கிறவங்களுக்கு மீன் திங்கத் தெரியும், ஆயத் தெரியாது. நான் செதிலை உரசி, குடலை எடுத்து, துண்டு போட்டுக் குடுத்தாத்தான் அரைக் கிலோ வாங்குறவ ஒரு கிலோ வாங்குவா. அவுகளைத் தனியா விட்டா தராசு முள்ளு நிக்கிறதுக்கு முந்தியே "எடுத்துக்கங்க தாயி"ன்னு அள்ளிப் போட்டுருவாக. அப்படி ஒரு மனுசன். ஒருத்தர் மனசு நோகுற மாதிரி ஒரு வார்த்தை பேச மாட்டாக. பேசவே மாட்டாகன்னு வையி.

போன பங்குனியில மலைக்கு மீன் விக்க இன்னொருத்தன் வந்தான். தனுஷ்கோடின்னு பேரு. மீசையும் அவனும். பெரிய வண்டி வச்சிருந்தான், நாலு ஸ்ட்ரோக்காம். எங்களுது ரெண்டு ஸ்ட்ரோக்கு. "நாலுக்கும் ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்"னு அவுககிட்டக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சு, "ரெண்டு"ன்னாக. இதுக்கு மேல அவுககிட்ட இருந்து ஒண்ணும் வாங்க முடியாது.

எங்க வண்டி மூணாவது வளைவு வரைக்கும் நல்லாத்தான் போகும். மூணாவதுல முக்கும். அவுக ஆக்சிலேட்டரை முறுக்குவாக, வண்டி ஒரே இடத்துல நின்னுக்கிட்டு ஊளையிடும். நான் இறங்கிக்குவேன். நான் இறங்கினதும் அதுக்கு என்ன தோணுமோ, விசுக்குன்னு ஏறிரும். வளைவு தாண்டி நிப்பாக. நான் அருவாமனையைத் தூக்கிக்கிட்டு நடந்து போய் ஏறிக்குவேன். நாலாவதுல மறுபடியும் இறங்கணும். அஞ்சாவதுல மறுபடியும். வண்டிக்குப் பலம் பத்தலை, தம்பி. அதை நான் அப்பவே சொன்னேன். போட்டிக்கு ஆள் இல்லாத வரைக்கும் அது ஒரு குறையாத் தெரியலை.

இந்தத் தனுஷ்கோடி நான் நடந்து போற நேரமாப் பார்த்துத்தான் தாண்டிப் போவான். "என்னக்கா, நடைப்பயிற்சியா?"ம்பான். சிரிச்சுக்கிட்டே கேட்பான். எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

அவன் வந்த முதல் நாள் நாங்க ஊத்துப்பாறை போய்ச் சேர்ந்தப்போ ஒரு பொம்பளை, பேரு வேண்டாம், சட்டியை முந்தானைக்குள்ள மறைக்கிறா. "வாங்கிட்டோம் ஆத்தா, இன்னைக்கு அந்த மீசைக்காரர் முந்திட்டார்"ங்கிறா. பதினாலு வருசம் என் கையால ஆஞ்ச மீனைத் தின்னவ. அவளே உட்கார்ந்து உரசிக்கிட்டிருக்கா, பாதிச் செதிலு போகலை. எனக்குக் கையெல்லாம் துறுதுறுங்குது, வாங்கி உரசிக் குடுத்துருவோமான்னு. மாட்டேன்னுட்டேன். பெட்டி அப்படியே திரும்பி வந்துச்சு. மறுநாளும் அதே கதை. வீட்டுல மூணு வேளையும் மீன் குழம்பு. பூனைகூட மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு.

"இப்படியே போனா மலையை விட்டுற வேண்டியதுதான்"னாக அவுக. மலையை விட்டா எங்களுக்கு என்ன இருக்கு சொல்லு? கீழ ஊருக்கு ஊரு மீன் கடை வந்துருச்சு. நான்தான் சொன்னேன்: "வண்டிக்குப் பலம் ஏத்துங்க. இல்லேன்னா நான் மூணாவது வளைவுல இறங்கி அப்படியே எங்கம்மா வீட்டுக்குப் போறேன்." அவுக என்னைப் பார்த்தாக. வண்டியைப் பார்த்தாக. "பாதுஷா பாய்கிட்டக் கேட்போம்"னாக.

பாய் டவுன்ல லேத்துப் பட்டறை வச்சிருக்கார். கையில இரும்புச் சீவல் குத்தின தழும்பா இருக்கும். நல்ல மனுசன். விசயத்தைக் கேட்டுட்டு, "வண்டியில எவ்வளவு பாரம் ஏத்துறீங்க அண்ணே?"ன்னார்.

"பெட்டி ஒரு நாப்பது கிலோ வரும். கூடை பதினஞ்சு."

"அப்புறம்?"

அவுக ஒரு போல்ட்டைக் கையில எடுத்து உருட்டிக்கிட்டு நின்னாக. பாய் என்னைப் பார்த்தார். மறந்துட்டாகளேன்னு நான்தான் எடுத்துக் குடுத்தேன்: "அருவாமனை ஒரு மூணு கிலோ இருக்கும் பாய்."

பாய் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். "ஆமாக்கா. அருவாமனை கொஞ்சம் அதிகம்தான்"னார். எதையும் கணக்குல விட மாட்டார் பாரு, அம்புட்டு நேர்த்தி.

அப்புறம் விளக்கினார். இன்ஜினுக்குள்ள பிஸ்டன்னு ஒண்ணு மேலயும் கீழயும் போய் வருது. மேல போகும்போது பெட்ரோல் காத்தை ஹெட்டோட சேர்த்து அமுக்குது. அந்த ஹெட்டோட அடிப்பக்கத்தைக் கொஞ்சம் கடைஞ்சு எடுத்தா உள்ள இடம் குறையும், காத்து இன்னும் இறுகும், இறுகினா அடி பலமா விழும். எனக்கு உடனே விளங்கிருச்சு. பொரியை அள்ளி அமுக்கிக் கட்டினா பொட்டணம் கல்லு மாதிரி ஆகுதுல்ல, அந்த மாதிரி.

ஆனா அளவு முக்கியமாம். பிளக்கு ஓட்டை வழியா ஒரு துண்டு ஈயக்கம்பியை உள்ள விட்டார். சக்கரத்தை மெதுவா ஒரு சுத்துச் சுத்தினார். வெளிய இழுத்தா நுனி நசுங்கியிருக்கு. "இந்த நசுங்கின கனம்தான் அக்கா பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற சந்து. அரை மில்லி எடுக்கிறேன். அதுக்கு மேல ஒரு பொட்டு எடுக்கக்கூடாது"ன்னார். லேத்துல மாட்டிக் கடைஞ்சார். கடைசியா ஒரு கனமான கண்ணாடி மேல எமரித் தாளை, அதான் உப்புத்தாளை, விரிச்சு, ஹெட்டைக் கவுத்து வச்சு, எட்டு எழுதுற மாதிரி சுத்திச் சுத்தித் தேய்ச்சார். பூ மாதிரி பிடிச்சிருந்தார். "எட்டு எழுதினாத்தான் எல்லாப் பக்கமும் ஒண்ணு போலத் தேயும்"னார். நான் பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்துக்கிட்டேன். பார்த்தா வராத வேலை எனக்கு எதுவுமில்லை.

கிளம்பும்போது அவுக தோள்ல கை வச்சுச் சொன்னார்: "அண்ணே, ஏத்தத்துல கோலிக்குண்டை டப்பாவுல போட்டு உருட்டின மாதிரி ஒரு தட்டல் கேட்டா, அந்த இடத்துலயே நிறுத்திருங்க. கேட்டுக்கிட்டே ஓட்டினா பிஸ்டன் பொத்துக்கும்."

மறுநாள் ஏறினோம். மூணு தாண்டிருச்சு. நாலு, அஞ்சு தாண்டிருச்சு. ஆறாவதுல முக்கிச்சு. அப்பவும் எட்டு வளைவு பாக்கி இருக்கே. தனுஷ்கோடி எட்டாவதுல எங்களைத் தாண்டினான். இந்தத் தடவை "நடைப்பயிற்சியா"ன்னு கேட்கலை, கும்பிடு போட்டுட்டுப் போனான். அது அதை விட எரிச்சலா இருந்துச்சு.

திரும்பவும் பாய்கிட்டப் போனோம். இன்னும் ஒரு அரை மில்லி எடுங்கன்னேன். "மாட்டேன்"னுட்டார். கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். "வேற ஒரு வழி இருக்குக்கா, செலவே இல்லாத வழி. ஆனா அதை நான் சொல்ல மாட்டேன், அண்ணன்தான் சொல்லணும்"னு அவுக மூஞ்சியைப் பார்த்தார். அவுக விறுவிறுன்னு வெளிய போய் ரோட்டைப் பார்த்து நின்னுக்கிட்டாக. தொழில் ரகசியம் போல. இந்த ஆம்பளைங்க அதையெல்லாம் சொல்ல மாட்டாங்க.

சரி, இவர் செய்யாட்டி என்ன, நமக்குக் கை இல்லையான்னு வீட்டுக்கு வந்தேன். பீரோக் கண்ணாடியைக் கழட்டித் தரையில போட்டோம். ரெண்டு முழு எமரித் தாளு. அவுக நாலு நட்டைக் கழட்டி ஹெட்டை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தாக. தேய்க்கிறாக, தேய்க்கிறாக, குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி. எட்டு எழுதுறாகளாம். நான் சோறு வடிச்சு, ரசம் வச்சு இறக்கிட்டு வந்து பார்க்கிறேன், தாளு புதுசாவே இருக்கு.

"தள்ளுங்க"ன்னு வாங்கிட்டேன். இந்தக் கையைப் பாரு தம்பி. பதினாலு வருசம் கல்லுல மீன் உரசின கை. உள்ளங்கை அடியில பலத்தைக் குடுத்து, முன்னால தள்ளி, வெடுக்குன்னு நம்ம பக்கம் இழுக்கணும். அப்பத்தான் செதிலு போகும். அப்படி இழுத்தேன். கறுப்பா மாவு மாவா வருது. பார்க்கவே நல்லாயிருந்துச்சு.

"வெள்ளத்தாயி, பாய் எட்டு எழுதினார்"னாக.

"எட்டு எழுதுறதுக்கு நான் என்ன பள்ளிக்கூடத்துலயா உட்கார்ந்திருக்கேன்?"

"ஒரு பக்கம் அமுங்குற மாதிரி இருக்கு."

"உங்களுக்கு எல்லாம் அமுங்குற மாதிரிதான் இருக்கும். சும்மா இருங்க."

ஈயக்கம்பி வாங்கிட்டு வரட்டான்னு கேட்டாக. எதுக்கு? கண்ணால பார்த்தே முக்கால் கிலோன்னு சொல்லுறவ நான், தராசுல போட்டா ஒரு துண்டு கூடாது, குறையாது. எனக்கு எதுக்கு ஈயம்? தாளு ரெண்டும் தேய்ஞ்சு துணியா ஆகுற வரைக்கும் உரசினேன். கடைசியில அவுக வாங்கி ஒரு பத்து உரசல் உரசி, துடைச்சு மாட்டினாக. அதைக் கவனிச்சுக்க தம்பி. கடைசியா உரசினது அவுக.

மறுநாள்! ஐயோ, அந்த மறுநாளை என்னன்னு சொல்லுவேன். மூணு, நாலு, அஞ்சு, ஆறு. ஏழு வந்தப்போ இறங்கட்டான்னு காலைத் தூக்கினேன். "இரு இரு"ன்னாக. ஏறுது! ஒம்பதாவது வளைவுல தனுஷ்கோடியைப் பிடிச்சோம். தாண்டும்போது திரும்பிப் பார்த்து, "என்ன தம்பி, நாலுல ரெண்டைக் காணோமா?"ன்னு கேட்டேன். அவன் மூஞ்சியைப் பார்க்கணுமே. பதினாலு வளைவும் ஒரு தடவைகூட இறங்காம போய், ஊத்துப்பாறையில முதல் ஆரன் அடிச்சோம். பொம்பளைங்க ஓடி வந்தாங்க. "ஆத்தா, உங்க கைக்குத்தான் காத்துக்கிட்டிருந்தோம்"னாங்க. சட்டியை மறைச்சவளும் வந்தா. அவளுக்கு வாலு எடையைக்கூடக் கழிச்சுத்தான் குடுத்தேன்.

எட்டு நாள் அப்படி. எட்டு நாள் ராஜ்ஜியம்.

சத்தம் ரெண்டாவது நாளே வந்துச்சு. எனக்குக் காது நல்ல காது. எங்க தெருவுல வார வண்டி சத்தத்தை வச்சே யாரு, எம்புட்டுப் பெட்ரோல் மிச்சமிருக்குன்னு சொல்லுவேன். ஏத்தத்துல அவுக முறுக்கும்போது உள்ள இருந்து கிணிகிணிகிணின்னு வருது. அவுக திரும்பி, "வெள்ளத்தாயி, கேட்குதா?"ன்னாக.

"கேட்குது."

"பாய் சொன்ன கோலிக்குண்டா?"

நல்லாக் காதைக் குடுத்துக் கேட்டேன். கோலிக்குண்டு இல்லை, தம்பி. கோலிக்குண்டுன்னா மொழுக்மொழுக்குன்னு உருளும். இது சில்லறை குலுங்குற சத்தம். கோலிக்குண்டா இருந்திருந்தா நானே நிறுத்தச் சொல்லியிருப்பேன், நான் என்ன கிறுக்கியா? "காசு சத்தம்தான், போங்க"ன்னேன். அவுக நிறுத்துற மாதிரி பிடியைத் தளர்த்தினாக. நிறுத்தினா நான் இறங்கணும், இறங்கினா அவன் தாண்டுவான். "போங்க"ன்னு முதுகுல ஒரு குத்து விட்டேன். போனாக.

வைகாசியில ஒரு ஞாயித்துக்கிழமை. ஊத்துப்பாறையில ஒரு வீட்டுல காதுகுத்து முடிஞ்சு மறுநாள் விருந்து. பத்துக் கிலோ கட்லா சொல்லியிருந்தாங்க. பெட்டி மூடி மூடலை, கயிறு போட்டுக் கட்டியிருந்தோம். பதினோராவது வளைவு. கிணிகிணி சத்தம் கேட்டுக்கிட்டே வந்தது திடீர்னு நின்னுச்சு. நின்ன கையோட, டப்!

அம்புட்டுத்தான். பொசுபொசுன்னு புகை. அவுக கிக்கரை மிதிக்கிறாக, எதிர்த்து ஒண்ணுமே நிக்கலை, வாழைத்தண்டு மாதிரி துவண்டு விழுது. ரோட்டுல சத்தமே இல்லை. பெட்டியில இருந்து ஐஸ் தண்ணி மட்டும் சொட்டுது. அவுக சூடுன்னு பார்க்காம இன்ஜின் மேல கையை வச்சுக்கிட்டு நின்னாக.

"வெள்ளத்தாயி"ன்னாக.

"என்ன?"

"ஒண்ணுமில்லை. வண்டி பாவம்"னாக.

எனக்கு வந்துச்சே கோவம்! வண்டிக்குப் பாவம் பார்க்கிறாக, விருந்துக்கு மீன் சொன்னவங்களுக்கு என்ன பதில் சொல்றது? அப்போ பார்த்துத் தனுஷ்கோடி வாரான். வண்டியை நிறுத்தினான். இறங்கினான். அவனும் கிக்கரை ஒரு மிதி மிதிச்சுப் பார்த்தான். "பிஸ்டன் போச்சுண்ணே. மீன் கெட்டுரும், ஏத்துங்க, நான் கொண்டுபோய் உங்க பேரைச் சொல்லி இறக்கிட்டு வாரேன்"னான்.

"ஒண்ணும் வேண்டாம், நாங்க சுமந்துக்கிட்டுப் போவோம்"னேன். கேட்கிறாகளா? கயிறை அவுக்கிறாக. சரி, அப்போ நானும் கூடப் போறேன், மீனை ஆயணுமேன்னு அருவாமனையைத் தூக்கினேன். தனுஷ்கோடி என்னை ஒரு தடவை பார்த்தான், பெட்டியை ஒரு தடவை பார்த்தான். "அண்ணே, பெட்டியும் அக்காவும் சேர்ந்து என் வண்டியில ஏறாது. ஒண்ணு பெட்டி, இல்லேன்னா அக்கா. நீங்களே சொல்லுங்க"ன்னான்.

அவன் வண்டி லட்சணம் அம்புட்டுத்தான். நாலு ஸ்ட்ரோக்காம்.

அதை விடு. அவுக என்ன சொன்னாக தெரியுமா? "பெட்டி"ன்னாக. ஒரு நொடி யோசிக்கணுமே? இல்லை. பெட்டின்னுட்டாக! ஒரு வார்த்தை பேசாத மனுசன், பேசின ஒரு வார்த்தை அது. பதினாலு வருசம் பின்னாடி உட்கார்ந்து வந்திருக்கேன், தம்பி. இன்னைக்கு வரைக்கும் எனக்கு அது ஆறலை.

மீன் ஒழுங்காப் போய்ச் சேர்ந்துச்சு, அதைச் சொல்லணும். எங்க பேரைச் சொல்லித்தான் குடுத்தானாம். பெரிய மனுசனாட்டம் நடிக்கிறான். நாங்க வண்டியை இறக்கத்துல விட்டோம், நான் பின்னாடி ஏறிக்கிட்டேன். இன்ஜினே இல்லாம என்ன வேகம்ங்கிறே! பிரேக்கை ரெண்டு கையாலயும் பிடிச்சும் நிக்க மாட்டேங்குது. அப்பவும் சொன்னேன், பாருங்க, வண்டியில குத்தமில்லை, இன்ஜின்லதான் குத்தம்னு.

பாய் ஹெட்டைக் கழட்டினார். பிஸ்டன் தலையில ஒரு ஓட்டை, என் சுண்டுவிரல் போகும். ஹெட்டை எடுத்து அந்தக் கனத்த கண்ணாடி மேல கவுத்து வச்சார். விரலால ஒரு ஓரத்தைத் தொட்டார். கடக் கடக்னு ஆடுது, கால் சரியில்லாத முக்காலி மாதிரி. ஒரு பக்கத்துல தீப்பெட்டி அட்டையைச் சொருகிப் பார்த்தார், உள்ள போகுது.

"இது யாரு தேய்ச்சது?"ன்னு கேட்டார். "ஒரே பக்கமா இழுத்து இழுத்துத் தேய்ச்ச மாதிரியில்ல இருக்கு?"

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள, "நான்தான் பாய்"னாக அவுக. "எனக்கு எட்டு எழுத வரலை."

பார்த்தியா? அவுகளே ஒத்துக்கிட்டாக. நான் தேய்ச்சது சமமாத்தான் இருந்துச்சு, கடைசிப் பத்து உரசல்லதான் கெட்டுப் போச்சு. பாய் அவுகளை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என் கையைப் பார்த்தார். விரல் இடுக்குல எல்லாம் இன்னும் அந்தக் கறுப்பு போகாம இருந்துச்சு.

புதுப் பிஸ்டன், புது ஹெட்டு போட்டார். அதுல ஒரு பொட்டுக்கூடக் கடையலை. கம்பெனியில வந்தது வந்தபடி. அப்புறம் என்னைத் தனியாக் கூப்பிட்டு உட்கார வச்சு, டீ வாங்கிக் குடுத்துச் சொன்னார்: "அக்கா, புதுப் பிஸ்டன் உள்ள பழகணும். பழகுற வரைக்கும் பாரம் ஏத்தக்கூடாது. ஒரு மாசம் நீங்க பஸ்ல வந்துருங்க. அருவாமனையும் பஸ்லயே வரட்டும்." அவுக அந்தப் பக்கம் திரும்பி, ஏற்கனவே முடுக்கின நட்டை முடுக்கிக்கிட்டிருந்தாக.

ஒரு மாசம்தானேன்னு சரின்னேன். வண்டி நல்லாகணும்ல?

அந்த ஒரு மாசம்தான் எட்டாச்சு. வண்டி எப்படிப் போகுதுங்கிறே? பறக்குது! கடையாத ஹெட்டு, பழகாத பிஸ்டன், ஆனா பதினாலு வளைவும் ஒரே மூச்சு. ஆறே முக்காலுக்கு முதல் ஆரன் எங்களுது. மீனை எடுத்து வச்சுட்டு, "ஆய்றதுக்கு அக்கா பஸ்ல வருது"ன்னு சொன்னா பொம்பளைங்க சட்டியோட ஸ்டாப்புலயே வந்து நிக்கிறாங்க எனக்காக. தனுஷ்கோடி ரெண்டு மாசம் பார்த்தான், மேல வாரதை விட்டுட்டுக் கீழ ஊர்களோட நின்னுக்கிட்டான். எதுக்கு அன்னைக்கு அந்த உரசல் எல்லாம்? முதல்லயே புதுப் பிஸ்டன் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். நான் அப்பவே சொன்னேன், வண்டிக்குப் பலம் பத்தலைன்னு. பாய்க்குத்தான் புரியலை.

ஆனா இந்தப் பழகுற கதைதான் எனக்கு விளங்கலை. மாசம் ஒரு தடவை கேட்கிறேன். "பழகிட்டு வருது"ங்கிறாக அவுக. பாய்கிட்டக் கேட்டா, "இது மெதுவாப் பழகுற பிஸ்டன்க்கா, அவசரப்படுத்தினா கோவிச்சுக்கும்"ங்கிறார். நான் கல்யாணமாகி வந்து மாமியார் வீட்டுலயே மூணு மாசத்துல பழகிட்டேன். ஒரு இரும்புத் துண்டுக்கு எட்டு மாசமா?

பஸ்ல எனக்கு என்ன குறைச்சல்? உட்கார்ந்துதான் போறேன். நடக்க வேண்டியதில்லை. ஆனா வண்டியில ஒவ்வொரு வளைவுக்கும் அவுக "பிடிச்சுக்க"ம்பாக. ஒரு நாளைக்கு அவுக என்கிட்டப் பேசுறதே அந்தப் பதினாலு வார்த்தைதான். அது இப்போ இல்லை.

இரு, இரு. பேசாதே. சத்தம் வருது. கேட்குதா? அவுகதான். தட்டல் இல்லை, முக்கல் இல்லை, எப்படி இழுக்குது பாரு! இதோ தாண்டப் போறாக, இங்கிட்டுக் குனிஞ்சு பாரு. வெள்ளைச் சட்டை. ஏங்க! ஏங்க! கேட்காது, இன்ஜின் சத்தத்துல. போயிட்டாக. வளைவு திரும்பிட்டாக.

தம்பி, நீயும் பார்த்தியா? அவுகளுக்குப் பின்னாடி ரெண்டு பெட்டி இருந்துச்சுல்ல? ரெண்டுதானே? நீலப் பெட்டி எங்களுது. அதுக்கு முன்னாடி, நான் உட்காருற இடத்துல, ஒரு வெள்ளைப் பெட்டி. புதுசு. கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருக்கு. இன்னைக்குத்தான் பார்க்கிறேன், என்கிட்டச் சொல்லவே இல்லை. அதுவும் ஒரு நாப்பது கிலோ பிடிக்கும்.

பாரம் ஏத்தக்கூடாதுன்னாங்களே.

...

பழகிருச்சு தம்பி! பிஸ்டன் பழகிருச்சு! இல்லேன்னா அம்புட்டுப் பாரத்தை ஏத்துவாகளா? பழகினதை என்கிட்டச் சொல்ல மறந்துட்டாக, அவுகதான் வாயைத் திறக்கிறதில்லையே. நாளையில இருந்து நான் வண்டியிலயே வந்துருவேன். வெள்ளைப் பெட்டிக்கு எங்க இடம்னு கேட்பாக. கேட்கட்டும். நான் பின்னாடி ஏறி உட்கார்ந்துக்கிட்டு, அதை மடியில வச்சுக்குவேன்.